இயோர்சியாவுக்கு வந்த கார்

இன்னிக்கு ஒரு கார்ல இருந்து ஆரம்பிக்கிறேன்.

ஃபைனல் ஃபேண்டஸி 14 ஆடினவங்களுக்கு இயோர்சியா எப்படிப்பட்ட இடம்னு தெரியும். வாள், மந்திரம், சோகோபோ பறவை மேல சவாரி. அங்க 2019 ஏப்ரல்ல 15-ஆம் பாகத்து ஹீரோ நாக்டிஸ் வந்து இறங்கினான். கூடவே அவனோட கார், ரிகேலியா. கோல்ட் சாஸர்னு ஒரு இடம் இருக்கு, நம்ம தீவுத்திடல் பொருட்காட்சி மாதிரி. அங்க ஆடிச் சேர்த்த 2 லட்சம் பாயிண்ட் கொடுத்தா அப்ப கார் கிடைச்சுது.

எனக்கு அப்ப செம கடுப்பு. இங்க பெட்ரோல் பங்க் எங்கடா இருக்குன்னு கேட்டுட்டே இருந்தேன்.

காரணம் சொல்றது சுலபம்தான். 14-ஓட கதையிலேயே ஒரு மூல உலகமும், அதுல இருந்து உடைஞ்ச 13 பிரதி உலகங்களும் இருக்கு. யாரைக் கொண்டு வந்தாலும் 'வேற உலகத்துல இருந்து தவறி வந்துட்டார்'னு ஒரு வரி எழுதிடலாம். ஆனா எல்லாருக்கும் பொருந்துற விளக்கத்தை நான் விளக்கமா எடுத்துக்கறதில்ல. கோடுல காலி கேட்ச் பிளாக் போடுற மாதிரி அது. எரர் காட்டாது, அவ்வளவுதான்.

அதனால நான் வேற கேள்வி கேட்பேன். விருந்தாளி கிளம்பின பிறகு ஊர்ல ஏதாவது மாறியிருக்கா?

நாக்டிஸ் விஷயத்துல, இல்ல. வந்தான், சண்டை போட்டான், போனான். பிளகின் மாதிரி. கழட்டிட்டா எதுவும் உடையாது.

2018 ஆகஸ்ட்ல மான்ஸ்டர் ஹன்டர்: வேர்ல்ட் கூட நடந்த பரிமாற்றம் வேற ரகம். கதை ரொம்ப மெல்லிசு, ஆனா சண்டையோட விதிகளே ஊர் மாறிப் போச்சு. ரத்தலோஸ் 14-க்கு வந்தப்ப, அதோட கஷ்டமான வடிவத்துல நாலே பேர்தான். ஹீலர் கட்டாயம் இல்ல, அவங்கவங்க போஷனை அவங்கவங்கதான் குடிக்கணும். அந்தப் பக்கம் போன பெஹிமத், ஒரே ஆளைக் குறிவெச்சுத் துரத்தும். யாராவது டேங்க் மாதிரி முன்னாடி நின்னாதான் மத்தவங்க பிழைப்பாங்க. விண்கல்லைக் கூப்பிடும்போது பாறைக்குப் பின்னாடி ஒளியணும். ஒரே மாசத்துல ரெண்டு கேம் ஆளுங்களும் மத்தவங்க பாஷையைக் கத்துக்கிட்டாங்க.

அப்புறம் நியர். (லேசா ஸ்பாய்லர் இருக்கு, வேணாம்னா ரெண்டு நிமிஷம் தள்ளிப் போங்க.) யோகோ டாரோவையே கூப்பிட்டு எழுத வெச்ச ரெய்டு தொடர் அது. 2019-ல ஆரம்பிச்சு 2021-லதான் முடிஞ்சுது. கோம்ரா கிராமத்துல கூடப் பிறந்த ரெண்டு குள்ளர்கள், அனாக், கோனாக். அவங்க ஒரு பழைய சுரங்கத்துல ரோபோ உலகத்தைக் கண்டுபிடிக்கிறாங்க. முடியும்போது அந்தக் குடும்பம் பழையபடி இல்ல. ரெய்டு முடிஞ்ச பிறகும் வாரம் ஒரு குவெஸ்ட்னு அந்தக் கிராமத்தோட கதை நீண்டுது. நியர் ஆடாதவங்களுக்கு பாதி விஷயம் தலைக்கு மேல போகும், விடை வராத கேள்விகளும் நிறைய. மெயின் பிராஞ்ச்ல பக்கோட மெர்ஜ் பண்ண கோடு அது. ஆனா அதைக் கழட்ட முடியாது. கழட்டினா கோனாக்குக்கு கதையே இல்ல. அந்த ஊர் ஆள் ஒருத்தர் எதையோ நிஜமா இழந்திருக்கார். என் கணக்குல ஒட்டினது இதுதான்.

இவ்வளவு பேசிட்டு ஒரு உண்மையை மறைக்கக் கூடாது. காலேஜ்ல இருந்து நாங்க நாலு பேர் சேர்ந்துதான் ஆடுவோம். இந்தியாவுல சர்வர் இல்ல, பிங் லட்சணம் உங்களுக்கே தெரியும். ரெய்டுல தோத்த ராத்திரியெல்லாம் லாக் அவுட் பண்ணாம ரிகேலியாவுல ஏறி சும்மா சுத்துவோம். நாலு சீட், நாலு பேர். நான் திட்டின அதே கார். வேலை போச்சுன்னு ஒருத்தன் எங்க யார்கிட்டயும் சொல்லல. ஒரு ராத்திரி பின் சீட்ல உட்கார்ந்துதான் சொன்னான். அவன் இப்ப ஆடறதில்ல. நாங்க மூணு பேர் ஏறுவோம், அந்த சீட் காலியாவே போகும்.

என் ரூல்படி அந்தக் கார் அங்க இருக்கவே கூடாது. ரூலை மாத்தறதா வேணாமான்னு இன்னும் முடிவு பண்ணல. டேய், இதைக் கேட்டுட்டு இருந்தா ஒரு வெள்ளிக்கிழமை லாகின் பண்ணு. மத்தவங்க, உங்க கேம்ல ஒட்டாம நிக்கற விருந்தாளி யாருன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.