கிருமி ஒழிந்தாலும் காவல் வேண்டும்

(பாகான் டாலாமில் தொழிலாளர் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நாம் கூடினால் கூலியைப் பற்றிப் பேசுவது வழக்கம். இன்று வயிற்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இந்தப் பாடெல்லாம் வயிற்றுக்காகத்தானே! அது கெட்டபின் கூலி உயர்ந்து என்ன பயன்?

விடியுமுன் வெறும் வயிற்றோடு பெரட்டுக்குப் போனவர்கள் நாம். வயிறு எரிந்தால், "வேளைக்குச் சாப்பிடாத குற்றம்" என்று நம்மையே நொந்துகொண்டோம். மூலகாரணம் வேறு. 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரு மருத்துவர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். இரைப்பையின் உட்சுவரில் ஆண்டுக்கணக்காகக் குடியிருக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமி அது. 2005-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அக்கிருமி புற்றுநோய்க்கும் காரணமாகும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1994-இலேயே அறிவித்துவிட்டது.

நம் நாட்டு நிலை என்ன? மலாயாப் பல்கலைக்கழகத்தின் கோ கியான் லீ, பரசக்தி ஆகியோர் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் இக்கிருமியின் அடையாளம் காணப்பட்டது. இதைக் கேட்டுக் கலங்க வேண்டாம். கிருமி உள்ளவர்களில் மிகச் சிலருக்கே புற்றுநோய் வருகிறது. ஆனால் அந்தச் சிலரில் நம்மவரும் உண்டு.

"மருந்து சாப்பிட்டுக் கிருமியைக் கொன்றாயிற்று. இனிப் பயமில்லைதானே?" என்று பலர் கேட்கிறார்கள். பயம் குறையும், அடியோடு நீங்காது. சீனாவின் ஷாண்டோங் மாநிலத்தில் லின்சூ என்ற ஊரில் 1995-இல் சிலருக்கு இம்மருந்தைக் கொடுத்து, 22 ஆண்டுகள் கவனித்தார்கள். மருந்து பெறாதவர்களைவிட அவர்களிடம் இரைப்பைப் புற்றுநோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பாதி குறைந்தது என்றால், மீதிப் பாதி மிஞ்சியது என்றுதானே பொருள்!

இதன் காரணம் பால் மரம் வெட்டியவருக்குப் புரியும். கத்தி பட்டையோடு நின்றால் பட்டை ஒழுங்காக வளரும். கட்டையில் இறங்கிவிட்டால் பிறகு வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகிறது. கத்தியைத் தூர எறிந்தாலும் அந்த வடு போகாது. கிருமியும் அப்படித்தான். அது இரைப்பைச் சுவரைத் தேய்த்து, அதன் தன்மையையே மாற்றியபின் வெளியேறினால், மாற்றம் அங்கேயே தங்கிவிடலாம். ஆகையால் காலத்தே மருந்து உண்பதே மேல்.

நாம் செய்ய வேண்டியவை இவை. வலி நின்றது என்று மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள். முடித்து நான்கு வாரமாவது கழிந்தபின், கிருமி ஒழிந்ததா என்று மூச்சுச் சோதனை செய்து உறுதிப்படுத்துங்கள். இரைப்பைச் சுவர் தேய்ந்துள்ளது என்று குழாய்ச் சோதனையில் சொல்லப்பட்டவர்களும், பெற்றோர் அல்லது உடன்பிறந்தாருக்கு இந்நோய் வந்தவர்களும், மறுசோதனை எப்போது என்று மருத்துவரிடம் கேளுங்கள். காரணமின்றி உடல் இளைத்தாலோ, மலம் கருத்தாலோ, இரண்டு கவளத்தில் வயிறு நிரம்பினாலோ ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். புகையை விடுங்கள்; உப்புக் கருவாட்டைக் குறையுங்கள்.

"ஒரு நாள் கூலி போகுமே" என்று தயங்க வேண்டாம். நோயுற்றதாக மருத்துவர் சான்றளித்தால், சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டாண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள். ஐந்தாண்டு கடந்தவருக்கு 22 நாள். அது சலுகையன்று, உரிமை.

தோழர்களே! மரத்தின் வடுவை நாள்தோறும் பார்த்துப் பழகிய கண்கள் நம்முடையவை. அந்தக் கவனத்தை இனி நம் உடலுக்கும் கொடுப்போம்.