குளிரும் குடியும்

நுவரெலியா மாவட்டத்தின் அக்கரப்பத்தனைத் தோட்டங்களில் குளிருக்கும் மழைக்கும் குறைவில்லை. கொழுந்து பறிப்போரும் கவ்வாத்து வெட்டுவோரும் நனைந்த உடையோடு லயத்துக்குத் திரும்புவர். குளிருக்கு மதுவே மருந்து என்னும் எண்ணம் அத்தகைய இடத்தில் வேரூன்றியதில் வியப்பில்லை. எனினும், அவ்வெண்ணம் மெய்தானா?

மது உட்சென்றதும் தோலின் கீழுள்ள குருதிக் குழாய்கள் விரிகின்றன. உள்வெப்பத்தைச் சுமந்த குருதி தோலை நோக்கிப் பாய்கின்றது. மேனி கதகதப்பாகத் தோன்றுகின்றது. உண்மையிலோ உடலின் வெப்பம் வெளியேறிக்கொண்டிருக்கின்றது. நடுங்கி வெப்பம் உண்டாக்கும் ஆற்றலும் தளர்கின்றது. மழையிரவில் குடித்து வழியில் விழுந்தவன் குளிராலேயே உயிரிழத்தலும் கூடும்.

மதுவை முறித்து அகற்றும் பெரும்பணி ஈரலுடையது. அளவு மீறியவிடத்து முதலில் ஈரலிற் கொழுப்புப் படிகின்றது. பின்னர் அழற்சி உண்டாகின்றது. இறுதியில் அது தழும்பேறிச் சுருங்குகின்றது. முதல் நிலையிற் குடியை நிறுத்தினால் ஈரல் தேறிவிடும். இறுதி நிலையில் அது அரிது. மதுபானங்கள் புற்றுநோய் விளைவிப்பன என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988இல் வகைப்படுத்தியது. தீங்கற்ற அளவு என ஒன்று இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது.

கள்ளத்தனமாக வடிக்கப்படும் கசிப்பின் கேடு இதனினும் கொடிது. அதில் என்ன கலந்துள்ளது என்பதை வாங்குவோன் அறியான். மெதனோல் கலந்திருப்பின், அது உடலிற் போமிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். பார்வையும் போகலாம், உயிரும் போகலாம்.

இருபத்தொரு வயதுக்குட்பட்டோருக்கு மது விற்றலை இலங்கையின் 2006ஆம் ஆண்டு 27ஆம் இலக்கச் சட்டம் தடை செய்கின்றது. ஆயின், சம்பள நாளில் தந்தை தவறணைக்குச் செல்வதை அச்சட்டம் தடுக்காது. அங்கே செலவாகும் பணம், பிள்ளையின் பாலுக்கும் பாடப்புத்தகத்துக்கும் உரியது. கொழுந்துக் கூடை சுமந்து அதிற் பாதியை ஈட்டியவள் தாய் என்பதையும் மறத்தலாகாது.

குடியை விட எண்ணுவோர் ஒன்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஆகியன தோன்றக்கூடும். அவை உயிருக்கே ஆபத்தாகலாம். ஆதலின் அத்தகையோர் முதலில் அரசாங்க வைத்தியசாலையை நாடுதல் நன்று. அங்கே தக்க மருந்தால் இத்துன்பத்தைத் தணிக்க இயலும். வீட்டார் அவரை ஏளனம் செய்யாது உடனழைத்துச் செல்லல் வேண்டும்.

குளிருக்கோ, உலர்ந்த உடையும் கம்பளியும் சூடான சாயத்தண்ணியுமே உற்ற துணை.