மேசைமேல் ஒரு குதிரைப்படை
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வளர்ந்த மனிதனுக்குப் பொம்மைக் குதிரைகளோடு என்ன வேலை என்று நம் காலனிப் பெரியோர் சிலர் வினவுவதுண்டு. அதற்கு விடை கூறவே சங்கத்தார் எனக்கு இச்சிறு பொழுதை அளித்தனர் போலும்.

சதுரங்கம் பிறந்த நாட்டினரான நமக்குப் போரை ஆட்டமாக்குதல் புதிதன்று. ஆயினும் சதுரங்கக் குதிரை நகர்த்திய கட்டத்திற்குத் தவறாது செல்லும். மெய்யான களத்திலோ ஆணை போய்ச் சேர்வதே அரிது. பிரஷ்ய நாட்டு அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824இல் வகுத்த போர்ப்பயிற்சி ஆட்டத்தில் பகடைக்கு இடமளித்தார். பொம்மைச் சிப்பாய்களைக் கொண்டு வீட்டுத் தரையில் ஆடும் முறையை எச். ஜி. வெல்ஸ் 1913இல் நூலாக்கினார்.

நாங்கள் ஆடுவது 1995இல் வெளிவந்த விதிநூலின்படி. அது 1494 முதல் 1700 வரையிலான போர்களுக்குரியது. என் படை போலந்து–லித்துவேனியக் குதிரைப்படை. 15 மில்லிமீட்டர் அளவில் வார்த்த வீரர்களை அட்டையில் ஒட்டி, வண்ணம் தீட்டி நிறுத்தியுள்ளேன். முதுகில் இறகுச் சிறகு பொருத்தியிருக்கிறேன். போர்க்களத்தில் அவர்கள் அதை எப்போதும் அணிந்தனரா என்பதில் வரலாற்றறிஞர்க்கு ஐயமுண்டு. என் கண்ணுக்கு அழகாயிருப்பதால் விட்டுவைத்தேன்! அவர்தம் ஈட்டியோ 15 அடிக்கும் மேற்பட்ட நீளம். கனம் குறைய உள்ளே குடைந்து செய்தது.

1605 செப்டம்பர் 27ஆம் நாள், ரீகா நகரருகே கிர்ஹோல்ம் என்னுமிடத்தில், ஏறத்தாழ 3,600 பேருடன் ஹோத்கியெவிச் என்ற தளபதி நின்றார். எதிரே மேட்டின்மேல் சுவீடன் மன்னர் ஒன்பதாம் சார்லசின் 11,000 பேர். மேட்டின்மீது பாய்தல் குதிரைக்கு ஆகாது. ஆதலின் பின்வாங்குவதுபோல் நடித்தார் தளபதி. மன்னர் படை மேட்டைவிட்டு இறங்கியது. ஈட்டிக் குதிரைகள் திரும்பிப் பாய்ந்தன. சுவீடன் குதிரைப்படை கலைந்தோட, துணையின்றி நின்ற காலாட்படை நாற்புறமும் சூழப்பட்டது. முக்கியப் போர் அரைமணி நேரத்தில் முடிந்தது என்பர்.

இதை மேசையில் மீண்டும் ஆடும்போதுதான் இடர்ப்பாடு! என் எதிராளியும் வரலாறு படித்தவர். மேட்டைவிட்டு இறங்கவே மாட்டார். ஒவ்வொரு முறையும் பகடையில் விழும் எண்ணளவுக்கே நான் ஆணையிட இயலும். பின்வாங்கவும் ஓர் ஆணை செலவாகும். இரண்டு விழுந்தால் இடப்புறத்தை இயக்குவதா, நடுவணியை இயக்குவதா? காத்திருப்பின் அவர் துப்பாக்கிகள் என் அணியைக் குறைத்துக்கொண்டே வரும். மேட்டில் ஏறிப் பாய்ந்தாலோ ஈட்டியின் வேகம் பாதியாகும். ஹோத்கியெவிச்சின் வெற்றியில் எத்துணைப் பங்கு சார்லசின் பொறுமையின்மைக்கு உரியது என்பதை நூலில் படித்தபோது நான் உணரவில்லை. அந்த அசையாத மேடு உணர்த்தியது.

கொலையை விளையாட்டாக்கலாமா என்று ஓர் அம்மையார் கேட்டார். நேரிய கேள்வி. நாங்கள் தோற்ற அட்டையை எடுத்துப் பெட்டியில் வைக்கிறோம்; அன்று அக்களத்தில் மாண்டவர் பல்லாயிரவர். ஆட்டத்திற்குமுன் அத்தொகையைச் சிறுவர்க்குச் சொல்லிவிட்டே பகடையை அவர் கையில் தருகிறேன்.

படைகள் இரண்டும் பக்கத்து அறை மேசையில் அணிவகுத்துள்ளன. விருந்துக்குப்பின் வாருங்கள், குழந்தைகள் பகடை உருட்டலாம். ஈட்டிகளை மட்டும் தொட வேண்டா, எளிதில் வளைந்துவிடும்.