‘க்கு’வும் ‘டு’வும்

(வட்டார வள மையத்தில் நடைபெற்ற ஆங்கில ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சில ஆண்டுகளுக்கு முன் ஆறாம் வகுப்பில் நான் செய்த ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன். நேற்று செய்த ஒரு செயலை ஆங்கிலத்தில் ஒரு வரியில் எழுதச் சொன்னேன். வகுப்பில் வாய் திறக்காத மாணவி ஒருத்தி, முதன்முறையாகத் தானே எழுந்து வந்து நோட்டை நீட்டினாள். ‘ஐ கேவ் மை பிரதர் டு எக்’ என்று எழுதியிருந்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “முட்டைக்குத் தம்பியைக் கொடுத்தாயா?” என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவள் பேசாமல் போய் உட்கார்ந்தாள். அதன்பின் கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதினாளே தவிர, சொந்தமாக ஒரு வரியும் எழுதவில்லை.

மாலையில் அவளுடைய தோழிதான் சொன்னாள். சத்துணவில் தனக்குக் கிடைத்த முட்டையைச் சாப்பிடாமல், காய்ச்சலில் படுத்திருந்த தம்பிக்கு எடுத்துப்போய்க் கொடுத்திருக்கிறாள். அதைத்தான் எழுதியிருக்கிறாள்.

அந்த வரியை மறுபடியும் யோசித்துப் பார்த்தேன். தம்பி, ‘பிரதர்’, க்கு, ‘டு’, முட்டை, ‘எக்’. நான்காம் வேற்றுமையைத் தமிழ் வைக்கும் இடத்திலேயே வைத்திருக்கிறாள். தமிழில் ‘கு’ உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். ஆங்கிலத்தில் ‘டு’ பெயருக்கு முன்னால் நிற்கும். அவள் தவறு அவ்வளவுதான். அதற்குப் பின்னால் ஓர் ஒழுங்கான இலக்கண அறிவு இருந்தது. அது என் கண்ணில் படவில்லை.

‘நான் தம்பிக்கு முட்டையைக் கொடுத்தேன்’, ‘முட்டையைத் தம்பிக்கு நான் கொடுத்தேன்’ என்று எப்படி மாற்றினாலும் பொருள் கெடாது. உருபு காவல் நிற்கிறது. பழைய ஆங்கிலத்திலும் பெறுபவரைக் காட்டும் விகுதிகள் இருந்தன. காலப்போக்கில் அவை தேய்ந்து மறைந்தன. இன்று அந்த வேலையைச் சொல் நிற்கும் இடமும் ‘டு’ போன்ற முன்னிடைச்சொற்களும் செய்கின்றன.

எனவே கொடுத்தலைச் சொல்ல இரண்டு வழிகள். ஆள் முதலில், பொருள் அடுத்து என்றால் ‘டு’ வேண்டாம்: ‘ஐ கேவ் மை பிரதர் அன் எக்’. பொருள் முதலில் வந்தால் ஆளுக்கு முன் ‘டு’ வேண்டும்: ‘ஐ கேவ் அன் எக் டு மை பிரதர்’. ‘சென்ட்’, ‘ஷோ’, ‘டீச்’, ‘லெண்ட்’ ஆகியவையும் இப்படியே. ‘பை’, ‘மேக்’ போன்றவற்றில் ‘டு’வுக்குப் பதில் ‘ஃபார்’ வரும்.

இதை அட்டைகளால் நடத்துங்கள். முதலில் தமிழ்ச் சொல் அட்டைகளைப் பிள்ளைகள் கையில் கொடுத்து இடம் மாறி நிற்கச் சொல்லுங்கள், பொருள் மாறாது. பிறகு ஆங்கில அட்டைகள். தம்பியும் முட்டையும் இடம் மாறினால் என்ன ஆகிறது என்பதை அவர்களே கண்டு சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு யாரையும் புண்படுத்தாது.

இரண்டு இடங்களில் கவனம் தேவை. தமிழில் ‘அப்பாவுக்கு அனுப்பினேன்’, ‘சென்னைக்கு அனுப்பினேன்’ இரண்டுக்கும் ஒரே உருபு. ஆங்கிலத்தில் ‘ஐ சென்ட் ஃபாதர் எ பார்சல்’ எனலாம். ஊரை அப்படி வைக்க இயலாது. அப்பா பொருளைப் பெற்றுக்கொள்பவர். சென்னை அது போய்ச் சேரும் இடம். எனவே ‘ஐ சென்ட் எ பார்சல் டு சென்னை’ என்பதே சரி. அடுத்தது, நாமே சொல்லும் ‘எக்ஸ்பிளெய்ன் மீ’. ‘டெல் மீ’ சரி. ஆனால் ‘எக்ஸ்பிளெய்ன்’ என்றால் ‘டு மீ’ என்றே வர வேண்டும். ‘சே’, ‘சஜஸ்ட்’ ஆகியவையும் அப்படியே.

அந்த மாணவியின் வரியை, அவள் அனுமதியோடு, ஒருநாள் கரும்பலகையில் எழுதினேன். “தமிழ்ப்படி இது சரி, சிரித்தது என் தவறு” என்று வகுப்பின் முன் சொன்னேன். அவளே வந்து ‘டு’வை அழித்து, அந்த இடத்தில் ‘அன்’ எழுதினாள். மறுநாள் அவள் நோட்டில் இரண்டு வரிகள் இருந்தன.

சிவப்பு மையைத் தொடும் முன், அந்த ஆங்கில வரிக்குப் பின்னால் எந்தத் தமிழ் வரி இருக்கிறது என்று ஒரு நிமிடம் கேட்டுப் பாருங்கள்.