யாருக்கு என்ன நஷ்டம்?



உளவியல் வகுப்பில் படித்த மில்கிராம் சோதனை நினைவிருக்கும். 1963-இல் வெளியான முதல் கட்டுரையில் 40 பேர். 26 பேர் 450 வோல்ட் விசை வரை அழுத்தினார்கள். புள்ளியியல் தாளில் எனக்கு அது 65 சதவீதம், அவ்வளவுதான். "ஷாக் பொய்தானே சார், யாருக்கு என்ன நஷ்டம்?" என்றேன். "அழுத்தினவனுக்கு அது தெரியாதேப்பா" என்றார் சார்.

அதே வருஷம் ஆலோசனை ரெக்கார்டுக்காக, விடுதி அறைத்தோழனின் வீட்டுக் கதையை அவனைக் கேட்காமலே எழுதினேன். பேரை மாற்றினேன்; ஊரை மாற்றத் தோணலை. வகுப்பில் வாசித்தபோது இரண்டு பேர் திரும்பி அவனைப் பார்த்தார்கள். எனக்கு நல்ல மார்க்! அவன் மறுநாளே வேறு அறைக்குப் போய்விட்டான்.

இன்று கூட்டத்தில் தேடினேன், வரவில்லை. இதையும் அவனைக் கேட்காமல்தான் சொல்கிறேன். ஊரை மட்டும் சொல்லவில்லை.