கருப்பையைச் சுத்தம் செய்யச் சொன்னால்



ஹைதராபாத் நகரத்தின் கிழக்குப் பக்கம் மல்லாபூர் இருக்கிறது. பக்கத்திலேயே நாச்சாரம். இரண்டு இடத்திலும் தொழிற்சாலைகள் உண்டு. பெண்களும் வேலைக்குப் போகிறார்கள். அதிலும் பல, நாள் முழுவதும் நின்று செய்கிற வேலை. உதிரப்போக்கு அதிகமானால்கூட வெளியே சொல்வதில்லை. துணியை இன்னும் ஒரு மடிப்பு மடித்து வைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். தாங்க முடியாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரி. அங்கே டாக்டர், "டி அண்ட் சி செய்ய வேண்டும்" என்கிறார். அதற்குப் பிறகு டாக்டர் சொல்வது எதுவும் பலருக்குக் காதில் விழுவதில்லை. பயம் வந்துவிடுகிறது.

டி அண்ட் சி என்றால் என்ன? கருப்பையின் வாயைக் கொஞ்சம் விரிப்பார்கள். பிறகு உள்ளே இருக்கும் மெல்லிய சதையைச் சுரண்டி எடுப்பார்கள். அவ்வளவுதான். ஊரில் இதை "வயிற்றைச் சுத்தம் செய்வது" என்பார்கள். "கிளீன் பண்ணுவது" என்றும் சொல்வார்கள். வயிற்றைக் கிழிப்பதில்லை. தையல் போடுவதில்லை.

மல்லாபூரில் ஒரு பெண் நர்சம்மாவிடம் இப்படிக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"சிஸ்டர், கர்ப்பப்பையையே எடுத்துவிடுவார்களா?"

"இல்லைம்மா. இட்லித் தட்டில் துணி விரிக்கிறோம் அல்லவா? இட்லி வெந்ததும் துணியை எடுத்துவிடுகிறோம். தட்டு அப்படியே இருக்கிறது. அது மாதிரி."

நர்சம்மா சொன்னது சரி. கருப்பையின் உட்சுவரில் மாதாமாதம் ஒரு மெல்லிய சதை வளர்கிறது. கரு தங்காவிட்டால் அது மாதவிலக்காக வெளியே வந்துவிடும். டி அண்ட் சி செய்யும்போது அந்தச் சதையைத்தான் எடுக்கிறார்கள். அது மறுபடி வளரும். கருப்பை இருந்த இடத்தில் இருக்கும்.

யாருக்கு இதைச் செய்கிறார்கள்? கரு கலைந்து, முழுவதும் வெளியே வராமல் மிச்சம் தங்கிவிட்டவர்களுக்கு. பிரசவத்துக்குப் பின் நஞ்சின் துண்டு உள்ளே நின்றுபோனவர்களுக்கு. உதிரப்போக்கு நிற்காதவர்களுக்கு. மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆன பிறகு மறுபடி இரத்தம் பட்டவர்களுக்கு. இந்தக் கடைசி வகையினர் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. ஒரு சொட்டு பட்டாலும் டாக்டரிடம் போக வேண்டும். புற்றுநோய் இருக்கிறதா என்று சதையை எடுத்துப் பார்ப்பார்கள். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் குணப்படுத்தலாம்.

கரு கலைந்த பெண்ணிடம் வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பப்பாளி தின்றாள், குடம் தூக்கினாள், கண் பட்டுவிட்டது என்பார்கள். தெரிய வரும் கர்ப்பங்களில் 100-க்கு 10 முதல் 15 வரை தானாகவே கலைகின்றன. முதல் மூன்று மாதத்தில் கலைபவற்றில் பெரும்பாலானவை, கரு உண்டாகும்போதே சரியாக அமையாதவை. அந்தப் பெண் செய்த தப்பு எதுவும் இல்லை. மாமியாரும் கணவரும் இதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

சுரண்டி எடுப்பது பழைய முறை. கரு கலைந்தவர்களுக்கு இப்போது வேறு வழிகளும் உள்ளன. சிலருக்கு மாத்திரை போதும். சிலருக்குக் காத்திருந்தால் தானே வெளியேறிவிடும். குழாய் வைத்து உறிஞ்சி எடுக்கும் முறையும் உண்டு. சுரண்டுவதைவிட உறிஞ்சுவதே பத்திரமானது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. சோதனைக்குச் சதை எடுக்கவும் மெல்லிய குழாய் இருக்கிறது. பல நேரம் அதற்கு மயக்கமே வேண்டாம். ஆகவே, "எனக்கு எந்த முறை? ஏன் அது?" என்று கேட்பது தப்பில்லை. டாக்டர் கோபித்துக்கொண்டாலும் கேட்க வேண்டிய கேள்விதான் அது.

இப்போது கையெழுத்து விஷயம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் ஒரு காகிதம் நீட்டுவார்கள். "சந்தகம் பெட்டண்டி" என்பார்கள். கையெழுத்துப் போடுங்கள் என்று அர்த்தம். காகிதம் தெலுங்கிலோ இங்கிலீஷிலோ இருக்கும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர் என்ன செய்வது? படித்துச் சொல்லச் சொல்ல வேண்டும். என்ன செய்யப் போகிறார்கள், எதற்காக, என்ன ஆபத்து வரலாம், வேறு வழி உண்டா? இந்த நான்கும் புரிந்த பிறகே பேனாவைத் தொட வேண்டும். தெலுங்கில் கருப்பைக்கு "கர்ப்பசஞ்சி" என்று பெயர். வலிக்கு "நொப்பி". "கர்ப்பசஞ்சி" என்ற சொல் காதில் விழுந்தால், அதைச் சுத்தம் செய்யப் போகிறார்களா, எடுக்கப் போகிறார்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இது வீண் சந்தேகம் இல்லை. 1995-இல் டெல்லியில் ஒரு பெண்ணுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. டாக்டரிடம் போனார். வயிற்றுக்குள் கருவி விட்டுச் சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார். மயக்கம் கொடுத்தார்கள். அவர் மயக்கத்தில் இருக்கும்போது, வெளியே இருந்த அவருடைய அம்மாவிடம் இன்னொரு கையெழுத்து வாங்கினார்கள். கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு வயது 44. அவர் வழக்குப் போட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2008 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. சோதனைக்குக் கொடுத்த சம்மதம் வேறு, ஆபரேஷனுக்குக் கொடுக்கும் சம்மதம் வேறு என்றது கோர்ட். வயது வந்த, சுயநினைவுக்குத் திரும்பக்கூடிய பெண்ணுக்காக அம்மா சம்மதம் கொடுக்க முடியாது என்றது. உயிரைக் காக்க உடனே செய்தே ஆக வேண்டும் என்றால் மட்டும் விதிவிலக்கு. நஷ்ட ஈடு 25,000 ரூபாய்தான் கிடைத்தது. போன கருப்பைக்கு அது ஈடாகாது. ஆனால் அந்தத் தீர்ப்பு இன்று எல்லாப் பெண்களுக்கும் பயன்படுகிறது.

முன்னேற்பாடுகள் எளியவை. இரத்தம் சோதிப்பார்கள். ஸ்கேன் எடுப்பார்கள். இரத்த வகையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அது "நெகட்டிவ்" ஆக இருந்து, கரு கலைந்திருந்தால், 72 மணி நேரத்துக்குள் ஒரு ஊசி போட வேண்டுமா என்று டாக்டரைக் கேட்க வேண்டும். அடுத்த குழந்தையைக் காப்பாற்றும் ஊசி அது. சர்க்கரை, இரத்த அழுத்தம், ஆஸ்துமா இருந்தால் மறைக்கக் கூடாது. ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் அதையும் சொல்லிவிட வேண்டும்.

மயக்கம் கொடுப்பதாக இருந்தால் வெறும் வயிற்றோடு போக வேண்டும். சோறு, டிபன் ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். பால் டீயும் சாப்பாட்டுக் கணக்குத்தான். வயிற்றில் எதாவது இருந்தால் மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சுக்குழலில் போய்விடும். "ஒரு வாய் டீதானே" என்று குடித்துவிட்டு மறைப்பது உயிருக்கு ஆபத்து. வளையல், மூக்குத்தி, கொலுசு எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். நகப்பூச்சையும் அழித்துவிட வேண்டும். விரலில் மாட்டும் கருவி இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று காட்டும். பூச்சு அதைக் கெடுத்துவிடும்.

மயக்க மருந்து என்றாலே எழுந்திருக்க மாட்டோம் என்று ஒரு பயம். ஹைதராபாத்துக்கு இதில் ஒரு பழைய கதை உண்டு. அந்தக் காலத்தில் குளோரோபாம் கொடுத்து மயக்குவார்கள். சிலர் அதிலேயே இறந்துபோனார்கள். காரணம் தேட 1888-இலும் 1889-இலும் இந்த ஊரில் ஆராய்ச்சி நடந்தது. நிஜாம் பணம் கொடுத்தார். எட்வர்டு லாரி என்ற டாக்டர் முன்னின்று நடத்தினார். அவர் சொன்னதில் ஒரு பகுதி தவறு என்று பின்னால் தெரிந்தது. ஆனால் "நோயாளியின் மூச்சை விடாமல் கவனி" என்றது இன்றைக்கும் சரி. அதே காலத்தில் ரூபா பாய் ஃபர்தூன்ஜி என்ற பெண் இங்கேயே படித்து, மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் ஆனார். உலகத்திலேயே அந்த வேலைக்கு வந்த முதல் பெண் அவர்தான் என்று சொல்வார்கள். இப்போது குளோரோபாம் இல்லை. நரம்பில் போடும் ஊசியில் சில நொடியில் தூக்கம் வரும். பக்கத்தில் ஒருவர் மூச்சையும் நாடியையும் பார்த்துக்கொண்டே இருப்பார்.

சிகிச்சை 10, 15 நிமிடத்தில் முடிந்துவிடும். பிரசவத்துக்குப் படுப்பது போலப் படுக்க வைப்பார்கள். எடுத்த சதையை பாட்டிலில் போட்டுச் சோதனைக்கு அனுப்புவார்கள். ஒரு மணி, இரண்டு மணி நேரம் படுத்திருந்தால் போதும். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். கூட ஒருவர் கட்டாயம் வர வேண்டும். தனியாக பஸ் ஏறக் கூடாது.

ஒன்றிரண்டு நாள் அடிவயிறு பிசையும், மாதவிலக்கு வலி போல. இரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து ஒன்று, இரண்டு வாரத்தில் நிற்கும். குளிக்கலாம். பத்தியம் என்று ரசம் சாதத்தோடு நிறுத்த வேண்டாம். இரத்தம் போன உடம்புக்குக் கீரை, பருப்பு, முட்டை, கேழ்வரகு எல்லாம் வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கினால் அது உடம்பில் சரியாகச் சேராது. இரண்டு வாரம், இரத்தம் முழுவதும் நிற்கும் வரை கணவன் மனைவி சேரக் கூடாது. கரு கலைந்த பெண்ணுக்கு இரண்டு வாரத்திலேயே மறுபடி கரு தங்கக்கூடும். வேண்டாம் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் கருத்தடை பற்றிக் கேட்டுவிட வேண்டும்.

ஆபத்து அபூர்வம். ஆனாலும் உண்டு. கருவி பட்டுக் கருப்பையில் ஓட்டை விழலாம். சீழ் பிடிக்கலாம். பலமுறை சுரண்டினால் உட்சுவர் ஒட்டிக்கொண்டு மாதவிலக்கே நின்றுபோகலாம். காய்ச்சல், நாற்றமுள்ள கசிவு, தாங்க முடியாத வயிற்று வலி, மயக்கம் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு இரண்டு நாப்கின் முழுக்க நனைந்து, அப்படியே இரண்டு மணி நேரம் போனாலும் அப்படித்தான். போனில் 108 அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும்.

வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஒரு செய்தி. கரு கலைந்தால் சம்பளத்தோடு ஆறு வாரம் விடுப்பு என்று 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் வகுத்தது. 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களுக்கு நாச்சாரத்திலேயே இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி உண்டு. எங்கே சிகிச்சை பார்த்தாலும், கரு கலைந்ததாக டாக்டரிடம் சான்றிதழ் எழுதி வாங்க வேண்டும். அது இல்லாமல் விடுப்புக் கேட்க முடியாது.

அடுத்த மாதவிலக்கு நான்கு முதல் ஆறு வாரத்தில் வரும். அதற்கு முன்பே சதைச் சோதனை ரிப்போர்ட் வந்திருக்கும். பல பெண்கள் வலி நின்றதும் அதை வாங்கப் போவதே இல்லை. கொடுத்த தேதியில் போய், ரிப்போர்ட்டை வாங்கி, அதே டாக்டரிடம் காட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுவிட்டு வர வேண்டும்.