முறையிடாத கண்கள்



கண் மருத்துவர்களும் குழந்தை மருத்துவர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் ஒரே கூடத்தில் அமர்ந்திருப்பதைக் காண மனம் நிறைகிறது. "நல்லாத்தான் பார்க்கிறான் டாக்டர், கீழே கிடக்கிற குண்டூசியைக்கூட எடுத்துடுவான்" என்று தாய்மார்கள் சொல்வதை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அவர்கள் சொல்வது உண்மை. ஒரு கண் தெளிவாக இருந்தால் போதும். குழந்தை ஓடும், படம் பார்க்கும், குண்டூசியையும் எடுக்கும். இன்னொரு கண் மங்கல் என்பது அதற்கே தெரியாது. பிறந்தது முதல் அப்படித்தானே பார்க்கிறது! குழந்தை வந்து சொல்லட்டும் என்று காத்திருக்கும் ஏற்பாடு எதுவானாலும் அது தோற்கும் என்பதே என் கருத்து.

இந்த மங்கலில் மூளையின் பங்கு என்ன? நரம்பியல் ஆய்வாளர்கள் ஹூபெல், வீசல் இருவரும் 1960-களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடிவைத்து, சில வாரங்களுக்குப் பின் திறந்து ஆராய்ந்தார்கள். கண்ணில் பழுதில்லை, ஆனால் அந்தக் கண்ணுக்கு மறுமொழி தரும் மூளைச் செல்கள் பெரும்பாலும் இல்லாமற் போயிருந்தன. வளர்ந்த பூனைக்கு அப்படி நேரவில்லை. 1981-இல் நோபல் பரிசு பெற்ற அந்த ஆய்வுகள், சோம்பல் கண் என்னும் இந்தக் குறையைப் புரிந்துகொள்ள அடிப்படையாயின. மாறுகண், இரு கண்களின் பவர் வேறுபாடு, பிறவிக் கண்புரை என எது தொடக்கமாயினும், மூளை குறையுள்ள கண்ணைக் கைவிடுகிறது. ஏழு வயதுக்குள் கண்ணாடியும், நல்ல கண்ணை நாளில் சில மணி நேரம் மூடிவைப்பதும் பெரும்பலன் தரும். நடுத்தரப் பாதிப்புக்கு இரண்டு மணி நேரமே போதும் என ஆய்வுகள் காட்டியுள்ளன. வயது கடந்து வரும் பிள்ளைக்கும் ஓரளவு பயன் உண்டு. அவர்களைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். ஆனால் நம் பள்ளிக் கண் பரிசோதனைகள் நெடுங்காலமாக நடுநிலை வகுப்புப் பிள்ளைகளையே குறிவைத்து வந்தன. அது காலம் தாழ்ந்த வருகை.

மாறுகண் அதிர்ஷ்டம் என்று இன்றும் சொல்கிறார்கள். வளர வளரச் சரியாகிவிடும் என்றும் சொல்கிறார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகும் கண் விலகி நின்றால், அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கருவிழிக்குள் வெள்ளையாக மின்னினால் ஒரு நாள்கூடத் தாமதிக்கலாகாது. அது விழித்திரைப் புற்றுநோயாக இருக்கலாம், உயிர் சம்பந்தப்பட்டது.

குறைமாதக் குழந்தைகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, எடை 2 கிலோவுக்குக் குறைந்தாலோ, 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். 1996-இல் சென்னையில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு அது செய்யப்படவில்லை, பார்வை போயிற்று. 2015-இல் உச்ச நீதிமன்றம் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. பார்வையை எந்தத் தீர்ப்பும் மீட்டுத் தரவில்லை. வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் கண் பரிசோதனைத் தேதி இல்லாமல் குறைமாதக் குழந்தை எதுவும் வெளியேறக் கூடாது.

2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழுக்கள் ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வருகின்றன. அங்கே நடக்கும் பார்வைச் சோதனையில் எழுத்தறியாத பிள்ளையும் வீடு, ஆப்பிள், வட்டம், சதுரம் என்று படங்களைக் காட்டிச் சொல்லிவிடும். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணைச் சோதிக்க வேண்டும் என்பது மட்டும் தவறக் கூடாது. கையால் மூடினால் விரல் இடுக்கு வழியே பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள்.

முதல் அமர்வில் அங்கன்வாடிப் பணியாளர்கள் பேசுகிறார்கள். பரிசோதனையில் குறை தெரிந்த பிள்ளைகளில் எத்தனை பேர் உண்மையில் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்கிறார்கள், போகாதவர்களைத் தடுப்பது பேருந்துச் செலவா, ஒருநாள் கூலி இழப்பா, கண்ணாடி போட்டால் பெண்ணுக்கு வரன் அமையாது என்ற அச்சமா என்பதை அவர்கள் வாயால் கேட்க விரும்புகிறேன். மருத்துவர்கள் குறிப்பெடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.